ஒரே டிரம்

அக்காவுக்கு போனில் 'முடியாது' சொல்லத் தெரியாது. அவர் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல நேரில்தான் போவார்.

பு.முட்லூரில் ஒரு டீக்கடைக்காரர், பழைய எண்ணெயில் தண்ணீரைக் கலந்து கேனை நிரப்பிக் கொடுத்துவிட்டார். கடலூர் வந்து டிரம்மில் ஊற்றும்போதுதான் தெரிந்தது. போன் போட்டுத் திட்டியிருந்தால் போதும். அக்கா வண்டியைத் திருப்பினார். அவ்வளவு தூரமும் போய்க் கடை எதிரில் நின்று, "அண்ணே, இனிமே உங்க எண்ண எனக்கு வேணாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கா டீசல் போட்டுக்கினு வந்தீங்க?"

"ஆமா. போன்ல சொன்னா நீங்க என் மூஞ்சப் பாக்க மாட்டீங்கல்ல."

அவருடைய தம்பி ஒருமுறை சொன்னார்: "பொண்ணு பாத்துட்டுப் போனாங்க சார். இதுக்குப் புடிக்கல. நாங்க யாராவது பெரியவங்கள வச்சி சொல்லிக்கலாம்னு பாத்தா, இதுவே பஸ் ஏறி அவுங்க வீட்டுக்குப் போயிட்டு, 'எனக்கு இஷ்டம் இல்லங்க, தப்பா நெனைக்காதீங்க'ன்னு சொல்லி, குடுத்த காப்பியையும் குடிச்சிட்டு வந்துச்சி."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நேரில் வந்து ஏன் எழுதினாய் என்று கேட்பார்.

அவர் ஓட்டியது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. பின்னால் நீல நிற டிரம், புனல், கேன்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. கடலூர் முதுநகரின் மீன் வறுவல் கடைகளில் தொடங்கி, மஞ்சக்குப்பம் மைதானத்து பஜ்ஜி வண்டிகள், பிரியாணிக் கடைகள், சிதம்பரம் சாலையில் இருக்கும் டீக்கடைகள் என்று சுற்றி, சுட்டு முடித்த எண்ணெயை வாங்கி வருவது அவர் வேலை. அந்த எண்ணெய் டேங்கர் ஏறி வடக்கே ஒரு பெரிய ஆலைக்குப் போகும். அங்கே அதை விமான எரிபொருளாக மாற்றுவார்கள். வண்டியின் பக்கவாட்டில் எங்கள் கம்பெனி ஒட்டிய படத்தில் ஒரு விமானமும் அதன் வாலில் ஒரு பச்சை இலையும் இருக்கும். அக்கா அந்த இலையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். "ஃபிளைட்டுல எங்கய்யா எல மொளைக்கும்?"

நான் அந்தக் கம்பெனியில் கள அலுவலர். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் அதற்கப்புறம். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆளும் நான்தான். அக்கா என்னை 'ஆபீசரே' என்று கூப்பிடுவார். அந்த அட்டையைத் தூங்கும்போதாவது கழற்றுவாயா என்று கேட்பார்.

எனக்கு அந்த வேலையில் பெரிய நம்பிக்கை. ஒவ்வொரு கடையிலும் நின்று பேசுவேன். காருக்கும் பஸ்ஸுக்கும் பேட்டரி வைத்துவிடலாம். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிற விமானத்துக்கு பேட்டரி வைத்தால், பேட்டரியைச் சுமக்கவே இன்னொரு விமானம் வேண்டும். பூமிக்கு அடியிலிருந்து எடுக்கிற எண்ணெயை எரித்தால் புதுக் கரி வானத்தில் சேர்கிறது. கடலையிலும் எண்ணெய்ப்பனையிலும் வருகிற எண்ணெய் அந்தச் செடியும் மரமும் காற்றிலிருந்து இழுத்த கரி. எரித்தால் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகிறது. அதுவும் ஏற்கெனவே வடை சுட்டு முடித்த எண்ணெய் என்றால், அதற்கென்று எவனும் காட்டை அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லிட்டரும் முக்கியம்.

கடைக்காரர்கள் சட்டியில் கண்ணை வைத்துக்கொண்டே கேட்பார்கள். "ஃபிளைட்டு எதுல போனா எனக்கு என்னா தம்பி? நான் பண்ருட்டியத் தாண்டினது இல்ல."

அப்போது அக்கா உள்ளே வருவார். "ஆபீசரு வானத்தப் பத்திப் பேசி முடிச்சிட்டாரு. இப்ப நான் வயித்தப் பத்திப் பேசறேன்."

மைதானத்து பஜ்ஜிக்காரர் ஒருவர் தன்னிடம் பழைய எண்ணெயே இல்லை என்று சாதித்தார். "எங்க மிச்சமாவுது? கொறைய கொறைய மேல ஊத்திக்கினே இருக்கறதுதான்."

அக்கா சட்டியை எட்டிப் பார்த்தார். "அடியில இருக்கறது எப்ப ஊத்தினது?"

"அது... இருக்கும்."

"இருக்கும்னா? அதுக்கு இந்நேரம் ஓட்டே வந்திருக்கும் போல. ஆபீசரே, அடையாள அட்டை இருந்தா ஒண்ணு மாட்டி வுடு இதுக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கையிலிருந்த பஜ்ஜியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். பஜ்ஜிக்காரர் அன்றைக்கு சட்டியைக் கவிழ்த்தார்.

விமானத்தில் போகிறவர்கள் மேல் அக்காவுக்கு நல்ல எண்ணம் கிடையாது. "அவன் பொகை வுட்டுக்கினு போவான், அத நம்ம ஊரு வடச்சட்டி தொடைக்கணுமா?" என்பார். பிறகு அவரே, "சரி, தொடைச்சித்தான் வுடுவோம். ஆனா தொடைக்கறது யாருன்னு அவனுக்குத் தெரியணும்" என்பார். ஆலப்பாக்கம் பக்கம் ஒருநாள் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாம்மா லோடு?" என்றார்.

"ஃபிளைட்டுக்கு பெட்ரோலு சார்."

"காலங்காத்தால நக்கலா?"

"மோந்து பாருங்க சார். வஞ்சிரமும் மத்தியும் கலந்து வரும். இதுலதான் நாளைக்கு மந்திரிங்க பறக்கப் போறாங்க."

அவர் சிரித்து விட்டுவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிய பிறகு, "நான் உண்மையத்தான சொன்னேன், அந்தாளு ஏன் சிரிக்கறான்?" என்றார் என்னிடம்.

எல்லாவற்றையும்விட, எந்தக் கடைக்குப் போனாலும் எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்கிற ஒன்று உண்டு. "மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க." அவர்கள் கொடுக்கிற டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பார். முழுவதும் குடித்து, டம்ளரைக் கடைக்காரர் கண்ணெதிரில் மேசைமேல் வைப்பார். அப்புறம்தான், "எண்ணய எடுங்க." சில கடைகளில் அந்த டம்ளர் கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தக் கடைகளில் அக்கா கூடுதல் நேரம் நிற்பார்.

நான் எங்கேயும் அண்ணாந்துதான் குடிப்பேன். அது அப்பா பழக்கியது. "வெளிய எங்க போனாலும் அண்ணாந்து குடி. ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்." அதை நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வெயிலில், அவசரத்தில், தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கும். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். "குளிச்சி முடிச்சியா ஆபீசரே? போலாமா?"

எல்லா இடத்திலும் அவர் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. கல்யாண மண்டபங்களில் அவர் பாச்சா பலிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சமையல் முடிந்ததும் மிஞ்சுகிற எண்ணெய் சமையல் மாஸ்டருக்குப் போய்விடும். யாரும் எழுதி வைத்ததில்லை; பெண் வீட்டாரும் கேட்க மாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் கேட்க மாட்டார்கள். மாஸ்டர் அதைத் தகரத்தில் பிடித்து எண்ணெய் ஏஜெண்டிடம் கொடுப்பார். ஏஜெண்ட் அதைத் தெளியவைத்து மலிவு விலைக்குத் தள்ளுவண்டிகளுக்கு விற்பார். வண்டிக்காரர்கள் அதில் திரும்பவும் பஜ்ஜி சுடுவார்கள். பண்ருட்டி மண்டபத்தில் அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனபோது, மாஸ்டர் ஒருவர் ஜல்லிக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"எங்க பங்குல கை வெக்காத! நாலு தலமுறையா இருக்குது இது."

"பங்கு உங்களது. திங்கற வாயி யாரோடது?"

"வெளிய போ!"

அக்கா போகவில்லை. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டி அவர் செருப்பில் விழுந்தது. அப்படியே நின்றார். கடைசியில் பெண்ணின் மாமா வந்து கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். "தாலி கட்டற நேரம்மா" என்றார். தாலிக்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இனி சிதம்பரத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

தேர் ஓடுகிற வீதிகளில் ஒன்றில் பெரிய சைவ ஓட்டல் ஒன்று. காலையில் இட்லி கொத்சுக்கும் பூரிக்கும் வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள். அந்த முதலாளி நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார், சப்ளையரைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தால் அந்த நாலு வீதியில் இருக்கிற எல்லாச் சைவ ஓட்டல்களும் கொடுக்கும். அதுவரைக்கும் எல்லாம் ஏஜெண்டிடம்தான் போய்க்கொண்டிருந்தது. நானும் அக்காவும் போனோம். நான் வானத்தைப் பற்றிப் பேசினேன். ஆச்சரியமாக, அவர் முழுதும் கேட்டார். நல்ல கேள்விகள் கேட்டார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறாராம், வருஷத்துக்கு ஒருமுறை பறந்து வருவாராம்.

"குடுக்கறேன் தம்பி. ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

"எங்க எண்ண தனி டிரம்ல போவணும். மீன் சுட்ட எண்ணயோட சேரக் கூடாது."

நான் சிரித்துவிட்டேன். "வேஸ்ட் எண்ணதான சார் அது?"

"வேஸ்ட்டுன்னாலும் என் கடையிலேருந்து போவுதுல்ல? வெளிய 'சுத்த சைவம்'னு போர்டு இருக்குது. என் கஸ்டமர் பாத்தா என்னா நெனைப்பாங்க?"

அதற்குள் தண்ணீர் வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளரில். அக்காவுக்குப் பேப்பர் கப்பில். அக்கா அதை வாங்கிக் கையில் வைத்திருந்தார். கடைசிவரைக்கும் குடிக்கவில்லை. கிளம்பும்போது தளும்பாமல் மேசையில் வைத்தார். முதலாளி அதைக் கவனித்து, "கையெல்லாம் எண்ணயா இருக்குதேன்னுதான்ம்மா" என்றார் மெதுவாக.

கடலூரில் எங்கள் மேனேஜர் துள்ளிக் குதித்தார். அன்றைக்கே ஒரு டிரம்மில் பெரிய பச்சை வட்டம் போட வைத்தார். மறுநாள் காலையில் அக்கா யார்டுக்கு வந்தபோது அந்த டிரம் அவர் வண்டியில் ஏற்றப்பட்டிருந்தது. அவர் ஏறி அதை இறக்கிக் கீழே வைத்தார்.

"என்னாக்கா பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"இது என் வண்டியில ஏறாது."

"சிதம்பரம் மொத்தமும் கெடைக்குதுக்கா! ஒரு டிரம்தான?"

அக்கா யார்டின் மூலையைக் காட்டினார். எல்லா வண்டியும் கொண்டுவருகிற எண்ணெய் கடைசியில் இறங்குகிற தொட்டி அது. எங்களிடம் இருந்தது ஒரே தொட்டி. "ரெண்டு டிரம்மயும் அதுலதான ஊத்துவீங்க?"

"ஆமா. அவருக்கு அது தெரியப் போவுதா?"

"அவருக்கு நல்லாவே தெரியும் சார். படிச்சவரு. எங்கயோ கலந்தா அவருக்கு ஒண்ணும் இல்ல. அவரு வாசல்ல வச்சி கலக்கக் கூடாது, அவ்ளோதான்."

நான் குறுக்கே போனேன். அது என்னுடைய முதல் பெரிய ஏற்பாடு. மேனேஜர் என் முதுகில் தட்டியிருந்தார். அதையெல்லாம்விட, நான் சொன்னது உண்மை என்றும் நம்பினேன். "அக்கா, நீங்க போவலன்னா அந்த எண்ண ஏஜெண்டுகிட்டதான் போவும். பஸ் ஸ்டாண்டுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க திங்கும். ஃபிளைட்டுக்கும் போவாது. டிரம்மு கலர்ல என்னாக்கா இருக்குது? ஒவ்வொரு லிட்டரும்..."

"முக்கியம். தெரியும்."

அக்கா சட்டைக் கையை மடக்கி மடக்கி முழங்கைக்கு மேல் ஏற்றினார்.

"எங்க தெருவாண்ட ஒரு டீக்கட இருந்துச்சி ஆபீசரே. கம்பியில ரெண்டு டம்ளர் தனியா தொங்கும், எங்களுக்குன்னு. எங்க அப்பா அத அவரே கழுவி, அதுல குடிச்சி, அவரே திரும்ப கழுவி மாட்டுவாரு. டீ நல்லாத்தான் இருக்கும். சக்கர தூக்கலா போட்டுக் குடுப்பான். எல்லாருக்கும் வேல ஆச்சி, டீயும் கெடைச்சிச்சி. டம்ளர்ல என்னா இருக்குதுன்னுதான் எங்கப்பாவும் கேட்டாரு." பச்சை வட்டத்தைச் செருப்புக் காலால் தொட்டார். "ரெண்டு டம்ளரப் பாத்தவ நான். ரெண்டு டிரம் ஓட்ட மாட்டேன். வானத்த சுத்தம் பண்றதுக்குத் தரைய அழுக்காக்கணும்னா வேற ஆளப் பாத்துக்க."

மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொல்லிப் பார்த்தார். வியாபாரத்தில் சென்டிமெண்ட் பார்க்கக் கூடாது என்றார். பிறகு வேறு டிரைவரை அனுப்புகிறேன் என்றார்.

"அனுப்பிக்குங்க. ஆனா அவருகிட்ட நான் முடியாதுன்னு சொல்லணும். போயிட்டு வரேன்."

"போன் போட்டு நான் பேசிக்கறேன், நீங்க போவாதீங்க. போயி அங்க ஏதாவது பேசறதா இருந்தா, சாவிய இங்கயே வச்சிட்டுப் போங்க. திரும்ப வர வேணாம்."

அக்கா வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். யார்டுக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. எண்ணெய்ச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் வந்து நின்ற சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"நீ எதுக்கு வர?"

"தெரியலக்கா."

"ஒன் வேலயும் பூடும்."

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது என்னால்தான். புதுச்சத்திரம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை வாங்கி, பாதியை என் கையில் கொட்டினார். "சரி, தின்னு. வெறும் வயித்துல முடியாதுன்னு சொல்லக் கூடாது."

டிபன் நேரம். ஓட்டல் நிறைய ஆட்கள். அக்கா முன்வாசல் வழியாக நேரே கல்லாவுக்குப் போய் நின்றார். முதலாளி நிமிர்ந்து, "வாங்கம்மா. பின்னாடி பக்கமா வந்திருக்கலாமே" என்றார்.

"எண்ண எடுக்க வரல சார். மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

சப்ளையர் பழக்கதோஷத்தில் பேப்பர் கப்பை நீட்டினார்.

"டம்ளர்ல."

சப்ளையர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "கை எண்ணயா இருக்குமேன்னு..." என்று தொடங்கினார். அக்கா இரண்டு கைகளையும் கல்லா மேசைமேல் விரித்து வைத்தார். உள்ளங்கை, புறங்கை, திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"இன்னிக்கு எண்ண தொடல சார். சோப்பு போட்டுக் கழுவிக்கினு பஸ்ல வந்திருக்கேன். மோந்து பாருங்க."

பக்கத்து மேசைகளில் பூரியைப் பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "அட, குடுப்பா" என்றார். எவர்சில்வர் டம்ளர் வந்தது. அக்கா உதடு பதிய வாய் வைத்து, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"இப்ப சொல்றேன். உங்க எண்ண எனக்கு வேணாம்."

"என்னாம்மா இது? உங்க மேனேஜரு சரின்னு சொல்லிட்டாரே."

"அவரு சொல்லுவாரு. நான் சொல்ல மாட்டேன். சார், இத்தினி நாளா இந்த எண்ணய ஏஜெண்டுகிட்ட குடுத்தீங்க. அவன் அத எந்த எண்ணயோட கலந்தான், யாரு கட சட்டியில ஊத்தினான், கேட்டீங்களா?"

முதலாளி கல்லாவில் இருந்த சில்லறையை ஒதுக்கினார்.

"மீன் கடைக்கும்தான் போச்சி. அப்ப கெடாத உங்க போர்டு, மேல எரிஞ்சி பொகையா போறதுக்கு மட்டும் கெட்டுப் பூடுதா? எனக்கு ஒரே டிரம்தான் சார். அதுல முதுநகர் மத்தியும் இருக்கும், பாய் கட பிரியாணியும் இருக்கும், உங்க பூரியும் இருக்கலாம். இஷ்டம்னா ஊத்துங்க. இல்லன்னா வச்சிக்குங்க. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

முதலாளி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கடையிலேருந்து இனிமே உங்க கம்பெனிக்கு ஒரு சொட்டு வராதும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவரு தம்பி. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

  அக்கா வைத்த டம்ளர் அங்கேயே கிடந்தது, சப்ளையர் எடுக்கவில்லை. நான் அதை எடுத்துப் பக்கத்து மேசை ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். வாய் வைத்துக் குடித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வெளியிடத்தில் சட்டை நனையாமல் தண்ணீர் குடித்தேன்.

"நீங்களுமா தம்பி?" என்றார் முதலாளி.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வா ஆபீசரே, பஸ் பூடும்."

லிட்டர் கணக்கில் பார்த்தால் நாங்கள் செய்தது தோல்விதான். அந்த ஓட்டலும் அதைப் பார்த்து மற்ற ஓட்டல்களும் பழையபடி ஏஜெண்டுக்கே கொடுத்தார்கள். மேனேஜர் சொன்னபடியே அக்காவுக்கு வேலை போனது. என்னைக் களத்திலிருந்து எடுத்து யார்டில் தொட்டிக்குக் காவல் போட்டார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா செய்தது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி வரும். அவருக்கும் வந்திருக்கும். தம்பி பெயரில் ஒரு பழைய குட்டியானையை வாங்கித் தானே எண்ணெய் எடுத்து வேறொரு கம்பெனி டேங்கருக்கு ஊற்றத் தொடங்கியவர், வேறு எங்கே போகாவிட்டாலும் அந்த பஸ் ஸ்டாண்டுக்கு வாராவாரம் போனார். ஒவ்வொரு தள்ளுவண்டியின் முன்னாலும் நின்று, சட்டியை எட்டிப் பார்த்து, கத்தினார். பாதிப் பேர் விரட்டினார்கள். அடுத்த வாரமும் போனார்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒருநாள், அந்த ஓட்டலின் பூரி மாஸ்டர் அவரைத் தேடி வந்தார். கல்லாப் பக்கம் நடந்ததை அவர் சமையற்கட்டுச் சந்து வழியாகப் பார்த்தவர். முகூர்த்த நாள்களில் தனியாகக் கல்யாண ஆர்டரும் எடுப்பார். அவரும் போன் போடவில்லை, நேரில்தான் வந்தார். ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு எண்ணெய்த் தகரம்.

"முதலாளி எண்ணய முதலாளி என்னா வேணா பண்ணட்டும்" என்றாராம். "கல்யாண எண்ண என்னோடது. அத எதோட கலக்கணும்னு நான்தான் சொல்லணும்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"மீனோட கலக்கு."

அக்கா அவரிடம் தண்ணீர் கேட்கவில்லை. அவரே ஸ்கூட்டர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு நீட்டினாராம். அக்கா வாங்கிக் குடித்தார். இதை அவர் என்னிடம் சொன்னபோது வழக்கம்போல் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் இரண்டு தடவை சொன்னார்.

ஒரு மாஸ்டர் செய்தால் இன்னொரு மாஸ்டருக்குத் தெரியும். மண்டபத்துக்கு மண்டபம் அது பரவியது. எல்லோரும் இல்லை. ஆனால் பங்கைக் கொடுத்தவர்கள் கொஞ்சம் வீம்போடுதான் கொடுத்தார்கள்: "எங்க பங்கு, எங்க இஷ்டம்." பண்ருட்டியில் கரண்டியை ஓங்கியவர்கூட கொடுத்தார். கொடுத்துவிட்டு அக்காவின் செருப்பைப் பார்த்து, "கற போச்சா?" என்று கேட்டாராம். ஒரு முகூர்த்த மாதத்தில் சிதம்பரத்திலிருந்து வந்த எண்ணெய் அந்த நாலு வீதி ஓட்டல்கள் கொடுத்திருக்கக்கூடியதைத் தாண்டியிருக்கும் என்று அக்கா அடித்துச் சொல்வார். நான் அளந்து பார்க்கவில்லை. அவரோடு யார் வாதாடுவது?

நான் இப்போது வேறு ஊரில், இதே எண்ணெயைச் சோதிக்கிற கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன மாதம் பயிற்சிக்காக வடக்கே அனுப்பினார்கள். முதல் விமானம். ஜன்னலோரம். கதவை மூடுவதற்கு முன் அக்காவுக்கு போன் போட்டேன். வெகு நாள் கழித்துப் பேசுகிறேன்.

"ஏறிட்டியா? மீன் வாசன வருதா?"

"வராதுக்கா. அதையெல்லாம் எடுத்துட்டுத்தான் கலப்பாங்க."

"நம்ம எண்ண கலந்திருக்கானா இதுல?"

"தெரியலக்கா. எல்லா ஃபிளைட்டுலயும் கலக்கறது இல்ல. கலந்தாலும் ரொம்பக் கொஞ்சம்."

"ஏன் கொஞ்சம்?"

"வெல ஜாஸ்தின்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா? டிக்கெட்டு வெலய அவன்தான வெக்கறான்? நம்ம மாஸ்டருங்க பங்கையே வுட்டுக் குடுத்திருக்காங்க. இவனுங்களுக்கு என்னாவாம்? கேளு."

"யாரக்கா கேக்கறது? பைலட்டையா?"

"யாரு மூஞ்சி எதிர்ல இருக்குதோ அவுங்கள. போன வச்சிட்டு நேர்ல கேளு."

வைத்துவிட்டார்.

பணிப்பெண் பெல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போயிருந்தார். தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினேன், அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அவர் திரும்பி வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தண்ணீர் அப்புறம் என்றேன். இந்த விமானத்தில் எரிகிற எண்ணெயில் சமையல் எண்ணெயிலிருந்து செய்தது கலந்திருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

"தெரியாது சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"நான் கேட்கிறேன்."

விசாரித்துச் சொல்வதாக முன்பக்கம் நடந்தார். விமானம் மெல்ல நகரத் தொடங்கியது. தலைக்கு மேல் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் அணைக்கவில்லை.